சீனிச்சாமி மெஷினும் முந்நூறு மாம்பழ ஐஸ்கிரீமும்

அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஏழு மணிக்கு வரவேற்பு. ஐஸ்கிரீம்காரன் ராஜகனி பதறிப்போனான். பதறமாட்டானா பின்னே? கரண்டில் ஓடும், கரண்டு போனால் கொஞ்ச நேரம்கூடக் குளிர் தாங்காத அவன் பழைய பெட்டிக்குள் முந்நூறு கப் மாம்பழ ஐஸ்கிரீம். இந்த மண்டபத்தில் இதுதான் அவனுக்கு முதல் ஆர்டர். "நல்லாருந்தா வைகாசிக் கல்யாணம் பூரா உனக்குத்தான். சொதப்புன, இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாது" என்று பெண்ணின் தாய்மாமன் குருவையா காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

மண்டபத்தின் பின்பக்கம் ஓடினான். ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் சீனிச்சாமி, பட்டுச் சட்டையும் புது வேட்டியுமாக, ஓடாத ஜெனரேட்டர் மேல் கையை ஊன்றி நின்றிருந்தார்.

"அண்ணே, சீக்கிரம் போடுங்கண்ணே!"

"போடுவோம்ப்பா. பொசுக்குன்னு போடுறதுக்கு இதென்ன சாதா மெஷினா? ஒரே நேரத்துல மூணு வேலை பாக்குற மெஷின்! அதுவா ஒரு நெலைக்கு வரணும்ல."

பக்கத்தில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் தங்கப்பாண்டி, "ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்று கரண்டியை அண்டா விளிம்பில் தட்டினார்.

சீனிச்சாமி அதைக் காதில் வாங்கினால்தானே! "மத்தவன் ஜெனரேட்டர்ல வெறும் கரண்டுதான் வரும். சூடு பூரா புகையோட வீணாப் போயிரும். நான் விடுவனா? சைலன்சரைச் சுத்திச் செம்புக் குழாயை ஓட்டினேன். இந்தப் பக்கம் பச்சத்தண்ணி, அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். போன சித்திரையில காரியாபட்டிக் கல்யாணத்துல நானூறு பேரு குளிச்சாங்க. மிச்சத் தண்ணியில அரிசியைப் போட்டாரு மாஸ்டரு, போட்ட கையை எடுக்கல, சோறு!"

"எந்த மாஸ்டரு?" என்றார் தங்கப்பாண்டி.

"நீ இல்லய்யா. நல்ல மாஸ்டரு."

"அண்ணே, எனக்கு வெந்நீர் வேணாம்ணே" என்றான் ராஜகனி. "எனக்குக் குளிருதான் வேணும்."

"அங்கதான் வர்றேன். சூட்டை வச்சே குளிரைப் பண்ணலாம் தம்பி. மண்பானைத் தண்ணி எப்படிக் குளுருது? கசியிற ஈரம் ஆவியாகும்போது சூட்டைத் தூக்கிட்டுப் போயிருது. அதே வித்தையை ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள அடைச்சு, சைலன்சர் சூட்டுலயே ஓட விட்டேன்."

இதைக் கேட்டு ராஜகனி ஒரு நிமிஷம் அசந்துதான் போனான். நிஜமாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. அதற்குள் சீனிச்சாமி அடுத்த படிக்கு ஏறிவிட்டார்.

"மண்டபத்துக்குள்ள மார்கழிதான்! மாப்பிள்ளைக்குப் பல்லு கிடுகிடுங்குது. பயந்துட்டாருன்னு நெனச்சுத் திருநீறு பூசுறாங்க. ஓமப்புகை மேல போகவே இல்லப்பா. உறைஞ்சு தூண் மாதிரி நின்னுருச்சு. ஐயரு நெய்க்கரண்டியால தட்டித் தட்டி உடைச்சாரு."

"உடைச்ச புகையை என்ன செஞ்சீக?" என்றார் தங்கப்பாண்டி.

"தாம்பூலப் பையில போட்டுக் குடுத்தோம். அவங்கவங்க வீட்ல போயி உருகி, ஒரு மாசத்துக்கு ஊர்ல கொசு இல்ல."

தங்கப்பாண்டி சிரித்த சிரிப்பில் கரண்டி சாம்பாருக்குள் முழுகியது. ராஜகனிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு கப்பை அமுக்கிப் பார்த்தான். விரல் உள்ளே போனது. திரும்பி ஓடி வந்தால், சீனிச்சாமி இன்னும் காரியாபட்டியை விட்டுக் கிளம்பவில்லை.

"...மிச்சக் கரண்டு வழிஞ்சு லைன்ல ஏறிருச்சு. சுத்துப்பட்டு ஊர்ல மீட்டரெல்லாம் பின்னால ஓடுது. சப்ஸ்டேஷன்காரரு போன் போட்டு, 'ஐயா, கொஞ்சம் அமத்துங்க, வாங்கி வைக்க எடமில்ல'ன்னு அழுகுறாரு."

"அம்புட்டு வேலை பாக்க டீசல் எவ்வளவு குடிச்சுச்சு?" என்றார் மாஸ்டர்.

"குடிக்கிறதா? காலையில பத்து லிட்டர் ஊத்தினேன். சாயங்காலம் அளந்து பாத்தா பதினொண்ணு இருக்கு!"

"அண்ணே, உங்க கால்ல வேணாலும் விழுறேன்" என்று ராஜகனி கையெடுத்துக் கும்பிட்டான். "மூணு வேலையும் வேணாம், ஒரே ஒரு வேலை பாக்கச் சொல்லுங்க!"

அப்போதுதான் சீனிச்சாமியின் சம்சாரம் பேச்சியம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கையில் மஞ்சப்பை. "ஏங்க, பட்டுச் சட்டை மாட்டுற அவசரத்துல ஜெனரேட்டர் சாவியைப் பழைய சட்டையிலயே விட்டுட்டு வந்துட்டீகளே! பஸ்ஸு வேற கெடைக்கல" என்று சாவியை நீட்டினாள். "மூணு வேலை மெஷினா? நாலு வருசமா நான் வெறகடுப்புலதான் வெந்நீர் போடுறேன்."

சீனிச்சாமி வெடுக்கென்று வாங்கி மெஷினில் செருகினார். சாவியைத் திருகினார். மெஷின் இருமி, பட்டுச் சட்டை மேல் கரும்புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. மண்டபத்தில் விளக்கு எரிந்தது. ராஜகனி பெட்டியைத் திறந்தான். முந்நூறும் மாம்பழத் தண்ணியாகக் கிடந்தது.

"என்னடா இது?" பின்னால் குருவையா. அவர் கையில் ஒரு கப், கப்புக்குள் அலை. "ஐஸ்கிரீம் கேட்டா ஜூஸ் ஊத்தி வச்சிருக்க?"

வைகாசியே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ராஜகனி சைலன்சர் பக்கம் ஒரு தடவை பார்த்தான். வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

"அண்ணாச்சி, இது புதுசு. சீனிச்சாமி அண்ணன் மெஷின் கணக்காச் செஞ்சது. சூட்டை வச்சே குளிரைப் பண்றது. கப்புல தண்ணியாத்தான் இருக்கும். உள்ள போனதும் வயித்துச் சூட்டை வாங்கி அங்க போயித்தான் உறையும். பிள்ளைகளுக்கு ஒண்ணுக்கு மேல குடுத்துராதீக, வயிறு கெட்டியாயிரும்."

குருவையா ஒரே மடக்கில் குடித்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"அடேயப்பா! உறையுதுடா!" என்று கத்தினார் அவர். "ஏ மச்சான், இங்க வாங்க, இதைக் குடிச்சுப் பாருங்க! டேய், வைகாசி பூரா இதுவே கொண்டாந்துரு!"

அவர் போனதும் சீனிச்சாமி ராஜகனியைத் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் கரியும் நிஜமான வருத்தமும்.

"ஏன் தம்பி, புளுகுறதுக்கு ஒரு அளவு வேணாமா? இப்படியெல்லாம் பேசினா, நாளைக்கு என் பேச்சை எவன் நம்புவான்?"