இரும்பு தூக்குகிறவள்

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருக்கிறவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, இரும்பு ரத்தத்தில் தன் இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருந்தது. முன்கோபக்காரன். உரசிய இடமெல்லாம் பொசுங்கும். போதாததற்கு, ஓரத்தில் பதுங்கியிருந்த கிருமிகள் அவனைப் பிடித்துத் தின்று பெருத்தன.

எலும்புக்குள் மஜ்ஜை உலையை மூட்டிவிட்டுக் காத்திருந்தாள். இரும்பு வந்தால்தான் சிவப்பணு செய்ய முடியும். வரவில்லை. அந்த உடம்புக்காரி வேலம்மாள் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். பிறகு படுத்துவிட்டாள். இப்படியே போனால் எழுந்திருக்கவே மாட்டாள்.

ஈரலின் மகள் தாங்கி புறப்பட்டாள். இரண்டு கைகளைத் தவிர அவளிடம் ஒன்றுமில்லை.

"வாப்பா, மஜ்ஜை மதினி வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன்."

"இந்தக் கையா? சோத்துப் பானையைத் தூக்குமா அது?" என்று சிரித்தான் இரும்பு.

தூக்கினாள். வழுக்கி விழுந்தான். மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தான். தோள் விட்டுப்போனது. அப்போது, வேலம்மாளின் மூச்சோடு வெளியேறாமல் தங்கிவிட்ட கார்பனேட் துணுக்கு ஒன்று மிதந்து வந்தது. தலைச்சுமைக்குச் சும்மாடு வைப்பதுபோல் அதைக் கைக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். நின்றது. சட்டென்று விரல்களை இறுக மூடினாள். அடுத்த கையிலும் அப்படியே அவன் கூட்டாளி இரும்பு ஒருவனைப் பிடித்தாள்.

வழியெல்லாம் ஒரு கிருமி கூடவே வந்தது. "ஒரு கடி குடு, அக்கா. புள்ளகுட்டிக்காரி நான்."

"உன் புள்ளைங்க பெருத்தது போதும். வழிய விடு."

போய்ச் சேர்ந்தபோது விரல்கள் விறைத்திருந்தன.

"குடு தாயி," என்றாள் மஜ்ஜை.

"கை திறக்க வரலையே, மதினி."

மஜ்ஜை அவளைச் சின்ன உள்ளறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, அமிலம் ஊறவிட்டு அறையைப் புளிக்க வைத்தாள். புளி பட்ட செம்பில் களிம்பு விடுவதுபோல் சும்மாடு நழுவியது. விரல் தளர்ந்தது. இரும்பு உலைக்குப் போனது.

தாங்கி அங்கேயே சாய்ந்தாள். அந்த அறையில் கிடப்பவை கரைந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

"கரைஞ்சுட்டுப் போறேன், மதினி. முடியலை."

மஜ்ஜை கதவில் கை வைத்தாள். "வேலம்மா இன்னும் எந்திரிக்கலையே, புள்ள."

கதவு திறந்தது. தாங்கி வெறுங்கையோடு ரத்தத்தில் இறங்கினாள்.

எத்தனையோ நடைக்குப் பிறகு வேலம்மாள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். போதும் என்று தாங்கியிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

அன்று முதல்தான் நம் ரத்தத்தில் இரும்பு தனியாக நடப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கும் அவள், புளித்த அறையில் மட்டும் கையைத் திறக்கிறாள். இறக்கிய கையோடு அடுத்த சுமைக்குத் திரும்புகிறாள்.