கோழிக்குப் பாடிய வெண்பா

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைக்காட்டுச் சீமையைக் கோடைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். பகைவன் படையோடு வந்தாலும் அசையமாட்டான். ராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மட்டும் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது!

ராணி செவ்வந்திக்குத் தாய்வீட்டுச் சீராக ஒரு கூட்டம் கோழி வந்தது. ராஜா தேக்கிலே கூடு செய்து கொடுத்தான். கோழிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தால் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. மரநாய் வந்து ராணியின் செல்லப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"இன்றைக்குக் கோழிகள் கூட்டில் அடையவில்லையோ, நானும் தாய்வீட்டுக்குப் பல்லக்கு ஏறிவிடுவேன்!" என்றாள் ராணி.

"ஐயோ, அதுகளை எப்படி உள்ளே வரவைப்பது?"

"எங்கள் வீட்டில் பா சொன்னால் வரும்" என்று கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

ராஜாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டா? கோழிக்கா? சபையைக் கூட்டிக் கேட்டான்.

மந்திரி தென்னவராயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அரசே, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

ஆஸ்தானப் புலவர் அம்பலக்கூத்தருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. துள்ளி எழுந்தார். "பா என்பது புலவன் சொத்து! மந்திரிக்கு இதில் என்ன வேலை? நான் பாடிக் கோழிகளை அடைக்கிறேன். அடைத்தால் மந்திரியின் ஆசனம் எனக்கு!"

"பாடட்டும் அரசே, நான் ஏன் குறுக்கே நிற்கிறேன்" என்று மந்திரி உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பா? வெண்பாவா, ஆசிரியப்பாவா? ராணி சொல்லவில்லையே!" என்று ராஜா விழித்தான்.

"நான்கையும் பாடுகிறேன்!"

சாயங்காலம் புலவர் மரத்தடியில் நின்று, கோழியின் கொண்டையைப் புகழ்ந்து வெண்பா பாடினார். கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஆசிரியப்பா பாடினார். ஒரு கிளை மேலே ஏறின. கலிப்பாவுக்கு இன்னொரு கிளை. வஞ்சிப்பாவில் சேவல் ஓங்கிக் கூவியது.

"பாராட்டுகிறதா, திட்டுகிறதா?" என்று ராஜா கேட்டான். புலவருக்கே தெரியவில்லை.

வாசலில் பல்லக்கு வந்து இறங்கியது. ராணி மூட்டையோடு ஏறி உட்கார்ந்து திரையை இழுத்துவிட்டாள். ராஜா மந்திரி பக்கம் திரும்பினான்.

"தென்னவராயரே! நாலு பாவும் தீர்ந்துபோயிற்று. தமிழில் இன்னும் எத்தனை பா ஐயா இருக்கிறது?"

"ஒன்று மிச்சம் இருக்கிறது அரசே."

மந்திரி மடியில் கைவிட்டபடி கூட்டு வாசலில் போய்க் குந்தினார். "பா... பா... பா..." என்று கூப்பிட்டுக் கூட்டுக்குள் கையை வீசினார். அவ்வளவுதான், கோழிகள் தொப்புத் தொப்பென்று குதித்து, ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடின. மந்திரி கதவைச் சாத்தினார்.

"இது என்ன பா? எதுகை உண்டா, மோனை உண்டா?" என்று குதித்தார் புலவர்.

மந்திரி உள்ளங்கையை விரித்தார். கொஞ்சம் நொய்யரிசி ஒட்டியிருந்தது.

"எதுகை, மோனை எல்லாம் உம் பாவில்தான் புலவரே. என் பாவில் பொருள் இருந்தது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "புலவரே, இனி தினமும் அந்தியில் நீர்தான் கோழி அடைக்க வேண்டும். பொருளோடு பாடும்!" என்றான். புலவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

ராஜா பல்லக்குக்கு ஓடினான். "கோழி அடைந்துவிட்டது செவ்வந்தி! இறங்கி வா, வா, வா!"

திரை கொஞ்சம் விலகியது. "வெறுங்கையோடா கூப்பிடுகிறீர்கள்?"

ராஜாவுக்கு மறுபடியும் ஒன்றும் விளங்கவில்லை. திருதிருவென்று மந்திரியைப் பார்த்தான். மந்திரி பெருமூச்சு விட்டார். இப்போதுதான் கழுத்தில் விழுந்த முத்துமாலையைக் கழற்றி, ராஜாவின் கையில் வைத்தார்.

ராணி இறங்கினாள்.