எழுதாத காவியத்துக்கு நாற்பது பாயிரம்

முன்னொரு காலத்தில், மழை தவறாமல் பெய்து பகைவர்களும் சோம்பிக் கிடந்தபடியால், வீரகேசரி என்ற மன்னருக்குக் காவியம் எழுதும் ஆசை பிடித்துக்கொண்டது. வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றிய முந்நூறு பனையோலைகள் வந்தன. தங்க எழுத்தாணி வந்தது, பட்டுக்கயிறு வந்தது. மன்னர் ஓலைகளை முகர்ந்து பார்ப்பார், தடவிப் பார்ப்பார், சாப்பாட்டையும் மறந்துவிடுவார். முதல் வரிதான் வந்தபாடில்லை.

அரண்மனை விகடகவி சாத்தப்பனுக்கு அந்தக் கோலம் பிடித்தே இருந்தது. கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளை மாதிரி மன்னர் திரிகிறார், திரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

ஒரு நூலைப் படித்தவர்கள் அதைப் புகழ்ந்து பாயிரம் பாடித் தருவது வழக்கம். நூல் முடிந்த பிறகு நடக்கிற காரியம் அது. மன்னருக்கோ பொறுக்கவில்லை, இப்போதே பாடச் சொல்லிவிட்டார். ஆஸ்தானப் புலவர் வாகீச பண்டிதர், நாயகன் போர்க்களத்தில் மாண்ட இடம் கல்லையும் கரைக்கும் என்று பாடினார். சேனாபதி, அதே நாயகன் போரில் வென்று முடிசூடிய அழகைப் பாடினார். இப்படி நாற்பது பாயிரங்கள் சேர்ந்தன. தம் பெயர் வரும் இடங்களை மட்டுமே மன்னர் காதில் வாங்கிக்கொண்டார்.

சாத்தப்பன் முறை வந்தது. "மன்னர் பெருமானே, அடியேன் படித்துவிட்டுப் பாடுகிறேன்" என்றான்.

மன்னரின் முகம் சுருங்கியது. இப்படியொரு வேளைக்காகவே பல வருடங்களாகக் காத்திருந்த பண்டிதர் எழுந்தார். "அரசே, தங்கள் காவியத்தின்மேல் இவருக்கு ஐயம் போலும். நாளை இந்தச் சபையிலேயே படித்துப் பாடட்டும். பாடாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர், கோபத்தோடு.

சாத்தப்பன் யோசித்துப் பார்த்தான். ஓலையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் மன்னரை அவமதித்ததாகும், பொய்யாகப் புகழ்ந்தால் தானும் பண்டிதர் ஆகிவிட வேண்டியதுதான். இரண்டாவதை நினைக்கத்தான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறுநாள் சபை கூடியது. ஏட்டுக்கட்டைப் பிரித்துவிட்டால், அதைத் திரும்பக் கட்டும்வரை மன்னரைத் தவிர சபையில் யாரும் எழக்கூடாது என்பது அந்த நாட்டு விதி. சாத்தப்பன் கட்டைப் பிரித்தான். முதல் வெற்றோலையை மேலிருந்து கீழாகப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், பணிவோடு கீழே வைத்தான். பிறகு இரண்டாவது ஓலை. பிறகு மூன்றாவது. உச்சிவேளை ஆனபோது பண்டிதரின் வயிறு கத்தியது சபை முழுக்கக் கேட்டது.

நூறாவது ஓலையில் சாத்தப்பன் நிமிர்ந்தான். "பண்டிதரே, நாயகன் மாண்ட இடம் இன்னும் வரவில்லையே?"

"அது... பின்னால் வரும்."

"சேனாபதியாரே, முடிசூட்டு விழா?"

"அதற்கும் பின்னால்" என்றார் சேனாபதி.

"மாண்டவருக்கா முடிசூட்டினார்கள்?"

சேனாபதி பண்டிதரைப் பார்த்தார், பண்டிதர் கூரையைப் பார்த்தார். மன்னர் சிம்மாசனத்தை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"யார் மாண்டது? என் நாயகன் சாகவே மாட்டான்! அவன் போருக்கே போகவில்லை. கடலையே காணாத ஊரில் உட்கார்ந்து கப்பல் கட்டுகிறான்! ஊரே சிரிக்கிறது!"

"எதற்காகக் கட்டுகிறான், மன்னர் பெருமானே? அடியேன் படித்தவரையில் காணோமே" என்று நூற்றோராவது ஓலையை நீட்டினான் சாத்தப்பன்.

"இதோ!" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு மன்னர் எழுத உட்கார்ந்தார். எழுத்தாணி ஓலையைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. கட்டு பிரிந்தே கிடந்ததால் நாற்பது பேரும் பொழுது சாயும்வரை அசையாமல் பட்டினி இருந்தார்கள்.

பதினோரு ஓலைகளை எழுதிய பிறகே மன்னர் தலை நிமிர்ந்தார். சபையைப் பார்த்தார், சாத்தப்பனைப் பார்த்தார், விஷயம் புரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அந்தக் கப்பல் கடலைச் சேர்ந்ததா என்று மட்டும் சொல்லிவிடுங்கள், மன்னர் பெருமானே."

"எனக்கே தெரியாதே, சாத்தப்பா!" என்று பூரித்துப்போய்ச் சொன்ன மன்னர், அடுத்த ஓலையை எடுத்தார்.