தளபதி விலகுவது பற்றி ஊரின் கருத்து

தளபதி வல்லபன் அரசியலை விட்டு விலகப்போவதாக அறிவித்தார். இது மூன்றாவது முறை.

முதல் முறை அறிவித்தபோது, மகிழ்ச்சி தாங்காமல் தெருவில் வெல்லம் கொடுத்த மளிகைக் கடைக்காரர் இன்னும் சிறையில் இருக்கிறார். இரண்டாம் முறை தரையில் புரண்டு அழுத எண்ணெய் வியாபாரி இப்போது மந்திரி. ஆகவே மூன்றாம் முறை, அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் ஊரே அழுதுவிட்டது.

அந்த அழுகையில் தளபதிக்குச் சந்தேகம் வந்தது.

அவர் ஆட்சிக்கு வந்த விதம் எல்லோருக்கும் தெரியும். அரசர் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் இருந்தபோது படை அரண்மனைக்குள் நுழைந்தது. கண்ணில் சீயக்காய் இருந்ததால், தன்னைப் பிடிப்பது யார் என்று அரசருக்குத் தெரியவில்லை. கண்ணைக் கழுவிக்கொண்டு பார்த்தபோது சிம்மாசனத்தில் தளபதி உட்கார்ந்திருந்தார். நிலைமை சீராகும் வரை நாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பத்து வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆற்றங்கரை மடத்தில் ஒரு குரு இருந்தார். நல்ல பருத்த உடம்பு. அவருடைய சீடர் கூத்தபிரானுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மடத்துக்கு வருவதற்கு முன் அரண்மனைக்காகத் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தவர். அவரைத் தேடி ஒரு குதிரைவீரன் வந்தான்.

"தளபதியின் உத்தரவு. அவர் விலகுவது பற்றி ஊரின் உண்மையான கருத்தை நீர் கேட்டறிய வேண்டும். ஊரில் எல்லோருக்கும் உம்மைத் தெரியும். வெள்ளிக்கிழமை அவரே இங்கு வந்து கேட்பார். பொய் சொன்னால் தலை போய்விடும்."

"உண்மை அவருக்குப் பிடிக்காமல் போனால்?"

குதிரைவீரன் சற்று யோசித்தான். "அதைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை. ஆனால் வெல்லம் கொடுத்தவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே."

கூத்தபிரான் குருவிடம் ஓடினார். குரு பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தார்.

"குருவே, மக்கள் மனதில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?"

"கேட்டுப் பார்."

"சொல்வார்களா?"

"கேட்டால்தானே தெரியும், சொல்ல மாட்டார்கள் என்று."

கூத்தபிரான் சந்தைக்குப் போனார். பழைய பழக்கத்தில் தொண்டையைச் செருமினார். சந்தை மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றது.

"தளபதி அரசியலை விட்டு விலகுகிறார்! உங்கள் கருத்து என்ன?"

கடைசியில் கீரை விற்கும் பேச்சியம்மாள்தான் பேசினாள்.

"சரி சாமி. கருத்து என்னன்னு சொல்லிட்டீங்கன்னா வச்சுக்குறோம்."

"நான் சொல்ல வரவில்லை அம்மா. கேட்க வந்திருக்கிறேன்."

"அதான் நானும் கேக்குறேன். உத்தரவு என்ன?"

"உத்தரவு எதுவும் இல்லை. இது உங்கள் சொந்தக் கருத்து."

பேச்சியம்மாள் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"சொந்தக் கருத்தா? அதை எத்தனாந் தேதிக்குள்ள வச்சுக்கணும் சாமி?"

பின்னால் ஒரு வெற்றிலைக்காரர் கையைத் தூக்கினார். "அழணும்னா கொஞ்சம் பொறுங்க. வாயில வெத்தலை இருக்கு. துப்பிட்டு வந்துடுறேன்."

கூட்டத்தில் கேட்டது தவறு என்று கூத்தபிரானுக்குத் தோன்றியது. தனியாகக் கேட்கலாம் என்று ஒரு முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்.

"நீங்க தளபதி ஆளா, ராசா ஆளா?"

"யாருடைய ஆளும் இல்லை."

"அடடா. அப்ப உங்ககிட்ட வாயே தொறக்க முடியாதே."

"ஏன்?"

"தளபதி ஆளுன்னா புகழ்ந்துட்டுப் போயிடுவேன். ராசா ஆளுன்னா திட்டிட்டுப் போயிடுவேன். யாரு ஆளும் இல்லாதவர்கிட்ட மனுசன் எதைப் பேசுறது? உக்காருங்க, தலையையாவது மழிச்சு விடுறேன்."

"என் தலை ஏற்கெனவே மழித்த தலை."

"அப்ப கெளம்புங்க."

இப்படியே வியாழக்கிழமை மாலை வரை அலைந்துவிட்டு அவர் மடத்துக்குத் திரும்பினார்.

"குருவே, இந்த ஊரில் ஒருவருக்கும் கருத்தே இல்லை."

"இருக்கும். பத்து வருடமாக எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். திடீரென்று கொண்டு வா என்றால் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டாமா?"

"நாளை என் தலை போகப்போகிறது."

"அது கூடாது," என்றார் குரு. "பிறகு விறகு யார் வெட்டுவது?"



வெள்ளிக்கிழமை காலை தளபதி வந்தார். கூடவே மந்திரி, ஈட்டி பிடித்த வீரர்கள், வேடிக்கை பார்க்க ஊர். மடத்துக்குள் வருகிறவர்கள் காலணியை வாசலில் விட வேண்டும் என்பது வழக்கம். தளபதியும் விட்டார். குருவின் காலில் மட்டும் கட்டைச் செருப்பு இருந்தது.

"என்ன சொன்னார்கள்?" என்றார் தளபதி.

கூத்தபிரான் கைகூப்பினார். "மன்னிக்க வேண்டும். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை."

"பொய். நாக்கு இருக்கிறவனுக்குக் கருத்தும் இருக்கும். நீ மறைக்கிறாய்."

தளபதி கண்ணைக் காட்டினார். ஒரு வீரன் கூத்தபிரானின் கழுத்தைப் பிடித்தான்.

குரு எழுந்தார். ஆசி வழங்க வருகிறவர்போல் மெதுவாக நடந்து வந்து தளபதியின் எதிரே நின்றார். அவருடைய கட்டைச் செருப்பு தளபதியின் கால் கட்டைவிரல்மேல் இறங்கியது.

தளபதியின் முகம் மாறியது. ஆனால் பின்னால் ஊர் நிற்கிறது. எதிரே நிற்பவர் குரு.

"தளபதியாரே, எனக்கும் ஒரு யோசனை கேட்க வேண்டும்."

"கேளுங்கள் சுவாமி."

"நான் ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். விலகலாமா என்று பார்க்கிறேன். உங்கள் கருத்து என்ன?"

"சுவாமி எங்கே நின்றாலும்... அது எங்கள் பாக்கியம்."

"அப்படியென்றால் விலக வேண்டாமா?" குரு தன் முழு எடையையும் அந்தக் காலுக்கு மாற்றினார்.

"வேண்டாம் என்று சொல்லவில்லை!"

"ஓ. நான் விலகினால் உங்களுக்கு மகிழ்ச்சியா?"

"ஐயோ, மகிழ்ச்சி என்றும் சொல்லவில்லை!"

தளபதியின் கண்ணில் நீர் திரண்டது. அதைக் கண்ட மந்திரி, காரணம் எதுவும் கேட்காமல், தானும் ஓவென்று அழத் தொடங்கினார்.

"மனதில் இருப்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள்," என்றார் குரு. "நான் எந்த வற்புறுத்தலும் செய்யவில்லை." சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"யோவ், முதலில் காலை எடுய்யா! கருத்தெல்லாம் அப்புறம்!"

மந்திரியின் அழுகை பாதியில் நின்றது. கூத்தபிரானின் கழுத்தைப் பிடித்திருந்தவன் கையை எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

குரு காலை எடுத்தார்.

தளபதி அப்படியே தரையில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டார். நகம் கறுத்திருந்தது. அதை ஊதினார். மடக்கிப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். எதிரே குரு நிற்பதும், பின்னால் ஊர் நிற்பதும் சிறிது நேரம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

பிறகு தலையை நிமிர்த்திக் கூத்தபிரானைப் பார்த்தார்.

"இவர் பொய் சொல்லவில்லை. இவரை விட்டுவிடுங்கள்."

கூத்தபிரான் கழுத்தைத் தடவிக்கொண்டு குருவின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தளபதி எழுந்திருக்கவில்லை. குருவுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"சுவாமி, நான் போய்விட்டால் என்னை என்ன சொல்வார்கள்?"

"சற்று முன்பு மனதுக்குள் நீங்கள் என்னை என்ன சொன்னீர்கள்?"

தளபதியின் காது சிவந்தது. "அதையா?"

"அதையேதான்."

"தங்கள் தாயாரைப் பற்றி நினைத்ததுகூடவா?"

"அதுவும் இருக்கும்."

தளபதி வாசலில் நிற்கும் ஊரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பேர் நிற்பதை அப்போதுதான் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். குரல் இன்னும் தாழ்ந்தது.

"அடிக்க வருவார்களா?"

"நான் காலை எடுத்ததும் நீங்கள் என்னை அடித்தீர்களா?"

"இல்லை."

"ஏன்? இடுப்பில் வாள் இருந்ததே."

தளபதி யோசித்தார். "தோன்றவில்லை. விரலைப் பார்க்க வேண்டியிருந்தது."

"அவர்களுக்கும் பார்த்துக்கொள்ள நிறைய இருக்கிறது," என்றார் குரு.