எழுந்து எழுந்து ஓடிய பஞ்சாயத்து

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. கடைசியில் சாய்ந்திருப்பவரே, நீரும் நகர்ந்து வாரும். காதில் விழாத பாதிக் கதையை நீராகக் கட்டிவிடுவீர், அப்புறம் ஊரெல்லாம் என்னை ஏசும்.

வெகு காலத்துக்கு முன்னே, மேற்கே மலையும் கிழக்கே மணலாறுமாக ஒரு சீமை இருந்தது. ஏழு ஊர் சேர்ந்த சீமை. அதை ஆண்ட ராஜா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டைக்குள் இருந்தான். அவன் ஆட்கள் வந்தால் களத்து நெல் போகும், கூரை மேல் கிடக்கும் பூசணி போகும், தொட்டில் கட்டின சேலையும் போகும். குழந்தையை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். அதற்குச் சோறு போட வேண்டுமே!

பொறுத்துப் பார்த்த கொம்பையா என்பவன் ஒரு நாள் வேல்கம்பைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனான். அவன் பின்னால் பத்துப் பேர் போனார்கள். பத்து நூறானது. பன்னிரண்டு வருஷம் காட்டில் கிடந்து சண்டை போட்டார்கள். பதின்மூன்றாம் வருஷம் ராஜாவின் ஆட்கள் செருப்பைக் கூட விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். ஏழு ஊரும் கொம்பையா கைக்கு வந்தது.

ஜனங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு ஊரிலும் பொங்கல் வைத்தார்கள். கொம்பையா கூட்டத்தார் நல்லவர்கள். ஒரு வீட்டில் ஒரு முருங்கைக்காய் கேளாமல் பறித்ததில்லை. திருடன் அவர்கள் பேரைக் கேட்டாலே கும்பிடு போட்டுவிட்டு வேறு சீமைக்குப் போய்விடுவான்.

ஆனால் அவர்களிடம் ஒரு கோளாறு இருந்தது.

பன்னிரண்டு வருஷம் காட்டில் எப்படி இருந்தார்களோ, அப்படியே ஊரையும் ஆள வந்துவிட்டார்கள். காட்டில் ஒரே இடத்தில் இருந்தால் அம்பு வரும். அதனால் எழுந்து எழுந்து ஓடிப் பழகிய கால்கள். கொம்பையா தமுக்கடித்து மூன்று சட்டம் சொன்னான்.

ஒன்று, பஞ்சாயத்து இன்று கூடிய இடத்தில் நாளை கூடாது.

இரண்டு, அந்தந்த நாளுக்கு ஒரு ரகசியச் சொல் உண்டு. அதைச் சொன்னவர்தான் உள்ளே வரலாம்.

மூன்று, பஞ்சாயத்தோ, சந்தையோ, யாருடைய தொழிலோ, எதுவும் ஒரே இடத்தில் ஒரு நாழிகைக்கு மேல் நடக்கக் கூடாது. எழுந்துவிட வேண்டும். எழுந்தவரைப் பிடித்து உட்கார வைத்தால் முதுகில் ஒன்பது அடி. "எனக்கும் சேர்த்துத்தான்" என்று கொம்பையாவே சொன்னான்.

நாழிகைக்கு அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பானையில் தண்ணீர். அதன் மேல் அடியில் ஊசித்துளை போட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டை மிதக்கும். தண்ணீர் ஏறி ஏறிச் சிரட்டை முங்கினால் ஒரு நாழிகை. உடனே கொம்பு ஊதுவார்கள்.

பிறகு என்ன? ஏழு ஊரிலும் ஆளுக்கொரு பானை, ஆளுக்கொரு சிரட்டை. கொல்லன் பாதி அரிவாளை அடித்துவிட்டு உலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனவள், கத்தரிக்காயை விரட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சேருவாள். சிரித்துக்கொண்டே ஓடினார்கள். சண்டையில் ஜெயித்தவர்கள் சொல்கிறார்கள், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தார்கள்.

சிலம்பாயிக்குத்தான் சிரிப்பு முதலில் நின்றது.

சிலம்பாயி, ஊருக்குச் சவரம் செய்யும் மாசானத்தின் பெண்டாட்டி. அவர்களிடம் ஓர் எருமை இருந்தது. கரிக்கட்டை நிறம், பேர் வெள்ளையம்மா. நிறை சினை. இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடும் என்று இருக்கும்போது அது கயிற்றை அறுத்துக்கொண்டு மேயப் போனது. காவல் சுற்றி வந்த படையாட்கள், யார் மாடோ என்று ஓட்டிக்கொண்டு போய் எங்கோ ஒரு பட்டியில் அடைத்துவிட்டார்கள். எந்தப் பட்டி என்பதும் ரகசியம்.

"ஒன்பது நாளைக்குள்ள பஞ்சாயத்துல வந்து சொல்லி மீட்டுக்கிடணும். இல்லைன்னா மாடு படைக்குச் சொந்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இதுக்கென்ன, போய்ச் சொல்லிட்டு ஓட்டிட்டு வந்துருதேன்" என்று கிளம்பினாள் சிலம்பாயி.

முதல் தடவை, ஆலமரத்தடியில் பஞ்சாயத்து என்று கேள்விப்பட்டு ஓடினாள். அங்கே வெற்றிலை எச்சில் காயாமல் கிடந்தது. ஆள் ஒருத்தரும் இல்லை.

இரண்டாம் தடவை, பாறைக்குப் பின்னால் கூடியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் வேலோடு நின்றவன் சடையன். கொம்பு ஊதுவதும் அவன்தான்.

"இன்னைக்குச் சொல்லைச் சொல்லு" என்றான்.

"எனக்கு எப்படித் தெரியும், தம்பி?"

"தெரிஞ்சாத்தான் உள்ள விடுவேன்."

"அதை எங்க சொல்லிக் குடுப்பாக?"

சடையன் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தான். "உள்ளதான்" என்றான்.

மூன்றாம் தடவை, அவித்த மொச்சையை ஓர் ஓலைக்கொட்டான் நிறையக் கொண்டுபோய்ச் சடையனிடம் கொடுத்தாள். தின்றுகொண்டே அவன் சொல்லைச் சொல்லிவிட்டான். உள்ளே போனாள். அவளுக்கு முன்னால் பதினாலு பேர். அத்தனை பேரும் பேசி முடித்தபின், கொம்பையாவுக்கு நேரே அவள் போய் நின்று, "எய்யா, என் எருமை..." என்று வாயைத் திறந்தாள். சிரட்டை முங்கியது. கொம்பு ஊதிவிட்டார்கள். பஞ்சாயத்து முழுக்க எழுந்து ஓடிப்போனது.

அதற்குள் எட்டு நாள் கழிந்திருந்தது. சிலம்பாயி வீட்டுக்கு வந்து வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பருத்திக்கொட்டை ஊறப்போட்ட பாத்திரம் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாள். இரண்டாவது சொட்டு வருவதற்குள் மாசானம் வந்துவிட்டான்.

"ஏட்டி, சேதி தெரியுமா? நாளைக்கு விடியவும் கொம்பையாவுக்கு நம்ம ஊருல கல்யாணம். மாப்பிள்ளைச் சவரத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்காக."

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். ஊர் நாவிதர் கைபட்டு மாப்பிள்ளைச் சவரம் ஆகாமல் பெண்வீட்டார் மணவறைக்குள் விட மாட்டார்கள். தன் கையால் வழித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளைக்குப் பெண் கிடையாது.

சிலம்பாயி கண்ணைத் துடைத்தாள். புருஷன் காதில் ஏதோ சொன்னாள். மாசானத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, அவர் இடுப்புல கத்தி இருக்கும்."

"உம்ம கையில என்ன இருக்கு, அகப்பையா? முதல்ல அவரு கழுத்துக்கிட்ட நிக்கது நீருல்லா! அவரு சொன்ன சட்டத்தைத்தானே நீர் கேக்கீரு. போம், போய்க் கத்தியைத் தீட்டும்."

அப்புறம் அவள் அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுக்குப் போய் வந்தாள். போன வீட்டிலெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

விடிந்தது. பூவரச மரத்தடியில் கொம்பையா பலகை போட்டு உட்கார்ந்தான். சுற்றிலும் படையாட்கள். எதிரே கல்யாணப் பந்தல், வாழைமரம், மேளக்காரர்கள். மாசானம் பானையை வைத்தான். தண்ணீர் ஊற்றினான். சிரட்டையை மிதக்க விட்டான்.

பிறகு கத்தியைத் தீட்டினான். தீட்டினான். தீட்டிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளைக்குத் தலையை அமுக்கிவிட்டான், தோளைத் தட்டிவிட்டான், காதைச் சொடுக்கினான். கொம்பையாவுக்குக் கண் சொக்கியது. அப்புறம் கன்னத்தை நனைத்து, வலப்பக்கத் தாடியை வழித்தான். வலப்பக்க மீசையைக் கத்தரித்து முறுக்கிவிட்டான்.

சிரட்டை முங்கியது.

மாசானம் பெட்டியை மூடினான். "உத்தரவு வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி. நாழிகை ஆயிட்டு."

"ஏலே, பாதி முகம்லே!"

"மீதிப் பாதி அடுத்த இடத்துல, அண்ணாச்சி. சட்டம்." சொல்லிவிட்டு மாசானம் காற்றாய்ப் பறந்துவிட்டான்.

கொம்பையா படையாட்களைப் பார்த்தான். படையாட்கள் வானத்தைப் பார்த்தார்கள். "சட்டந்தான், அண்ணாச்சி" என்றான் சடையன். "பிடிச்சு உட்கார வச்சா ஒன்பது அடி. உங்களுக்கும் சேர்த்துன்னு சொன்னீக."

என்ன செய்வான்? ஒரு பக்கம் மழமழவென்றும் ஒரு பக்கம் புதருமாக, சீமையை ஜெயித்த வீரன் நாவிதரைத் தேடிக் கிளம்பினான்.

முதலில் கொல்லன் வீட்டுக்குப் போனான். "மாசானமா? இப்பத்தான் எந்திரிச்சுப் போனான். இந்தா, உக்காந்த பலகை இன்னும் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க" என்றான் கொல்லன்.

அடுத்து எண்ணெய்க்காரி வீட்டுக்குப் போனான். அவள் கதவைக் கால்வாசி திறந்தாள். "நாவிதரு உள்ளதான் இருக்காரு. இன்னைக்குச் சொல்லைச் சொல்லுங்க, விடுதேன்."

"என்ன சொல்லு?"

"அது தெரியாதவுகளை உள்ள விடக்கூடாதுன்னு சட்டம்லா!" கதவு மூடிவிட்டது. அவன் கத்தரிக்காய் என்றான், கடப்பாரை என்றான், குலதெய்வத்தின் பேரைச் சொன்னான். உள்ளே சிரித்தார்களே தவிரத் திறக்கவில்லை.

மூன்றாவதாகக் குயவர் வீட்டுக் களத்தில் மாசானத்தைப் பிடித்தேவிட்டான். ஓடிப்போய் எதிரே உட்கார்ந்து முகத்தை நீட்டினான். மாசானம் கையை நனைத்தான். பானையில் சிரட்டை முங்கியது. மாசானம் எழுந்துவிட்டான்.

மேளக்காரர்கள் வாசித்து வாசித்துக் களைத்துப்போனார்கள். முகூர்த்தம் நெருங்கியது. கொம்பையா திரும்பவும் பூவரச மரத்தடிக்கு வந்து சேர்ந்தான். பந்தலுக்குள்ளிருந்து மணப்பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. "எம்மா, பாதி மாப்பிள்ளைதான் வந்திருக்காரு!" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஊரே சிரித்தது.

கொம்பையாவின் கை கத்திப் பிடிக்குப் போனது. முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

அப்போது சிலம்பாயி முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, கால் வலிக்குதா?"

"வலிக்கு."

"மூணு வீட்டுக்குத்தானே போனீக? நான் எட்டு நாளா உங்களைத் தேடுதேன். போனா நீங்க இல்ல. இருந்தா உள்ள விடல. உள்ள விட்டா கொம்பு ஊதிட்டாக. உங்களுக்குப் பாதி மீசை. எனக்கு ஒரு எருமை, அது வயித்துல ஒரு கன்னு. இன்னைக்குச் சாயங்காலத்தோட ஒன்பது நாளு முடியுது."

கொம்பையா அவளைப் பார்த்தான். மழித்த கன்னத்தைத் தடவினான். மழிக்காத கன்னத்தைத் தடவினான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை.

"ஒரே இடத்துல உக்காந்தா ராஜா ஆளு வந்துருவானே, ஆத்தா?"

"காட்டுல நீங்க தனியா இருந்தீக, ஓடினீக. இங்க சுத்தி ஏழு ஊரு சனம் நிக்கு. நாங்க உங்களைத் தேடி வந்து நின்னா, எங்களைத் தாண்டி அவன் எப்படி வருவான்? நாங்களே உங்களைக் காணாம அலைஞ்சா, அவன் வந்தா உங்களுக்கு யாரு இருப்பா?"

கொம்பையா கத்திப் பிடியிலிருந்து கையை எடுத்தான். மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். "சொல்லு ஆத்தா, எருமை எப்படி இருக்கும்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். கொம்பு எப்படி வளைந்திருக்கும், வால் நுனி எப்படி இருக்கும், எந்தக் காதை ஆட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் சிரட்டை முங்கியது. சடையன் வழக்கம் போலக் கொம்பை வாயில் வைத்தான்.

"ஏலே சடையா," என்றான் கொம்பையா, "அதைக் கீழ வை."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சடையன் ஊதாமல் கொம்பைக் கீழே வைத்தான்.

பட்டியைத் திறந்தார்கள். சிலம்பாயி "வெள்ளையம்மா!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். தெருக்கோடியிலிருந்து கரிக்கட்டை நிறத்தில் ஒரு மலை ஆடி ஆடி வந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேரே பந்தலுக்குள் நுழைந்து, வாசல் வாழைமரத்தில் பாதியைத் தின்றுவிட்டு, சிலம்பாயி தோளில் மூக்கைத் தேய்த்தது.

"இது அவ எருமைதான்" என்று தீர்ப்புச் சொன்னான் கொம்பையா. "வாழைமரத்துக்கு வழக்குப் போடக் கூடாது."

உடனே ஜனங்கள் வரிசை கட்டிவிட்டார்கள். அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார், இந்த நேரத்தை விட்டால் எப்போது? வரப்புத் தகராறு, கிணற்றுத் தகராறு, காணாமல் போன சேவல் என்று ஒவ்வொன்றாக வந்தது. பாதி மீசையோடு அவன் தீர்ப்புச் சொல்லச் சொல்ல, மாசானம் பின்னாலிருந்து மீதிப் பாதியை வழித்து முடித்தான். முகூர்த்தம் தப்பாமல் தாலி கட்டினார்கள். இலை போட்டார்கள். மூன்று பந்தி நடந்தது. இரண்டாம் பந்தி நடுவில் வெள்ளையம்மா கன்று போட்டது. மேளக்காரர்கள் எழுந்து போய் அதற்கும் ஒரு கெட்டிமேளம் கொட்டினார்கள்.

மறுநாள் புதுத் தமுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் பூவரச மரத்தடியில் பஞ்சாயத்து. சொல்லும் வேண்டாம், சிரட்டையும் வேண்டாம். வருகிறவர் பேசி முடிக்கும் வரைக்கும் அண்ணாச்சி இருப்பார்.

இதில் நமக்கு உள்ள நீதி இதுதான்: ஒளிந்திருந்து சண்டை போடலாம், ஆனால் ஜனங்களை ஆள வந்தவன் அவர்கள் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்துதான் ஆள வேண்டும்.

பொறுங்கள், எழுந்துவிடாதீர்கள். முதல் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் போங்கள். பனி விலகும் முன்னே வரிசையில் முதல் ஆளாகச் சிலம்பாயி வந்து நின்றாள். "இன்னும் என்ன வழக்கு, ஆத்தா?" என்று கேட்டான் கொம்பையா.

"வழக்கு ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. இருக்கீகளான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, சிலம்பாயி பால் கறக்கப் போய்விட்டாள்.