எல்லாத் தளமும் தளம்தான்

கோயம்புத்தூரில் லிஃப்டுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி ஒன்றில் பரஞ்சோதி, நாச்சிமுத்து, குமரகுரு என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த குறை அது ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் முதலாளி தெய்வசிகாமணி கம்ப்யூட்டரில் அவர்கள் கட்டளைகளுக்கு வைத்திருந்த பெயர்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"கதவுமூடு, மூடுகதவு, கதவைமூடு. ஒரே வேலைக்கு எதுக்குடா மூணு பேரு? மத்தியானம் பில்டர் வர்றாரு. இந்த ஆர்டரும் போச்சுன்னா கம்பெனிக்குப் பூட்டுதான். ஒரே மாதிரி இருக்கிற பேரையெல்லாம் ஒண்ணாக்கி வைங்க."

மூன்று பெயரும் 'மூடு' என்று ஒன்றாயின. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அண்ணா, 'திற'ன்னு ஒண்ணு இருக்குது. அதுவும் கதவுக்குத்தான்" என்றான் குமரகுரு.

"அப்ப ரெண்டையும் சேர்த்துக் 'கதவு'ன்னு போடு" என்றான் பரஞ்சோதி.

'மேலே', 'கீழே' இரண்டும் சேர்ந்து 'போ' ஆயின. அடுத்து ஆறு தளங்கள் வந்தன.

"எல்லாத்துக்கும் 'முதல் தளம்'னே வெச்சிரலாங்ளா?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"மத்த தளமெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? பொதுவாத் 'தளம்'னு போடு" என்றான் பரஞ்சோதி.

யோசித்துப் பார்த்தால், அதில் என்ன தப்பு என்று எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை.

மத்தியானம் முதலாளி புரோகிராமை ஓட்டிக் காட்டுவதற்காகப் பில்டரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் கட்டடத்து லிஃப்டில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது.

"டேய், கதவு திறக்க மாட்டேங்குது. எந்தத் தளத்துல நிக்கிறோம்னு பாரு."

நாச்சிமுத்து திரையைப் பார்த்தான். "தளத்துலதாங்க சார்."

"எந்தத் தளம்டா?"

"தளம்னுதாங்க காட்டுது."

"இப்ப நகருது. மேல போகுதா, கீழ போகுதா?"

"போகுதுங்க சார்."

பக்கத்தில் பில்டர் ஏதோ கேட்பது போனில் விழுந்தது. முதலாளி அவரிடம், "நம்ம பசங்க எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிருவாங்க, பார்த்தீங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாவியை எடுத்துட்டு வந்து திறந்து தொலைங்கடா" என்றார்.

ஓடினார்கள். கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். ஆனால் இடது, வலது என்ற பெயர்களையும் காலையிலேயே ஒன்றாக்கியிருந்தார்கள். அதனால் முதலில் கண்ணில் பட்டதைச் சாவி போட்டுத் திறந்தார்கள். உள்ளே யாரும் இல்லை.

"நல்லவேளை, சார் இறங்கிட்டாரு" என்று நாச்சிமுத்து பெருமூச்சு விட்டான். மூவரும் நிம்மதியாக டீ குடிக்கப் போனார்கள்.

டீ வருவதற்குள் மறுபடி போன். "டேய், நான் இன்னும் லிஃப்டுக்குள்ளதான்டா இருக்கேன்."

பரஞ்சோதி போனை வாங்கிப் பொறுமையாகச் சொன்னான்: "இல்லைங்க சார். நீங்க உள்ள இல்லை. நாங்க இப்பத்தான் திறந்து பார்த்தோம்."