மூன்று காக்கைகள் ஆண்ட காடு

ஆவாரங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அந்தக் காட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. அதனால் அரசனும் இல்லை. மாதம் ஒருமுறை நாவல் மரத்தடியில் கூட்டம் கூடும். வந்தவர்களில் அதிகம் பேர் எதற்குச் சம்மதம் சொல்கிறார்களோ, அதுதான் சட்டம். கூட்டம் முடியும் வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நல்ல ஏற்பாட்டுக்கு ஆள் வர வேண்டுமே!

மயில் வராது. "அந்தப் புழுதியில் என் தோகை என்ன ஆவது?" என்று கேட்கும். ஆமை மாதம் தவறாமல் புறப்படும். பாதி வழியில் தூங்கிவிடும். முயலுக்கோ பெரிய கொள்கை ஒன்று உண்டு. "நான் உண்டு, என் வளை உண்டு. ஊர் வம்பு எனக்கு எதற்கு?" என்று பெருமையாகச் சொல்லும். கேட்பதற்கு யாரோடும் பழக்கம் இல்லாததால், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்.

தவறாமல் வந்தவை ஒரு நரியும் மூன்று காக்கைகளும். நரிதான் கூட்டத் தலைவன். காக்கைகள் வேறு வேலை இல்லாததால் வந்தன.

சித்திரை மாதம் பிறந்தது. காட்டுப்பன்றிகள் நரியைத் தேடி வந்தன.

"குளத்தின் வடகரையை எங்களுக்கே விட்டுவிடு. அங்கே கோரைக்கிழங்கு ஏராளம்!" என்றது பெரிய பன்றி.

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"நாங்கள் கரையைத் தோண்டினால் வளைகளிலிருந்து எலிகள் ஓடி வரும். அத்தனையும் உனக்கு!"

நரிக்கு எச்சில் ஊறியது. அன்று மாதக் கூட்ட நாள். உச்சி வெயிலிலேயே நாவல் மரத்தடியில் கூட்டத்தைக் கூட்டியது.

"வடகரையைப் பன்றிகளுக்கு விடலாம். சம்மதமா?"

"கா! கா! கா!" என்றன காக்கைகள்.

"ஏகமனதாக நிறைவேறியது!" என்றது நரி.

மறுநாளே பன்றிகள் வடகரையை உழுது சேறாக்கின. தண்ணீர் குடிக்க வந்தவர்களை முட்டித் துரத்தின. எல்லாரும் தென்கரைக்குச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வழி முழுக்கப் பொட்டல். ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது.

காடே நரியைத் திட்டியது. எப்படித் திட்டியது? முயல் வளைக்குள் இருந்து திட்டியது. மயில் மரக்கிளையில் இருந்து திட்டியது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு திட்டியது. ஓட்டுக்குள் திட்டினால் நரிக்கு எப்படிக் கேட்கும்?

வடகரையை ஒட்டிய புதரில் ஒரு காடை ஐந்து குஞ்சுகளோடு வாழ்ந்துவந்தது. அதுவும் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. இப்போது தண்ணீருக்காகக் குஞ்சுகளைப் பொட்டல் வழியே நடத்திப் போனது. முதல் நாள் ஒரு குஞ்சைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் இன்னொன்று போயிற்று.

காடை அழுதது. அழுது ஓய்ந்த பிறகு, அடுத்த புதரின் கீழிருந்த வளைக்கு முன் போய் நின்றது.

"வளைக்குள்ளே யார் இருக்கிறீர்கள்?"

முயல் எட்டிப் பார்த்தது. "யாரம்மா நீ?"

"பக்கத்துப் புதர்தான் அண்ணா. ஒரு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன்."

"அப்படியா! நான் கவனித்ததே இல்லையே."

"என் குஞ்சுகள் இரண்டைப் பருந்து கொண்டுபோய்விட்டது."

"அடடா! உனக்குக் குஞ்சுகளும் உண்டா?"

பத்தடி தூரத்தில் ஐந்து குஞ்சுகள் நாள் முழுக்கக் கத்தியிருக்கின்றன. முயலுக்குக் கேட்கவில்லை. காது மட்டும் அவ்வளவு நீளம்!

"வடகரை போனதில் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்களே! நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?" என்றது முயல்.

"யார் சம்மதித்தார்கள்?"

முயல் விழித்தது. "அது எனக்குத் தெரியாது."

"வாருங்கள், கேட்டுப் பார்ப்போம்!"

இரண்டும் மயிலிடம் போயின. "எனக்கு மட்டும்தான் வருத்தம் என்று நினைத்தேனே!" என்றது மயில். ஆமையும் அதையே சொன்னது. கீரியும் உடும்பும் அணிலும் அதையே சொல்லின. ஒரே குறையை ஆளுக்கொரு பொந்தில் பூட்டி வைத்திருந்த புத்திசாலிகள்!

மறுநாள் முதல் எல்லாம் சேர்ந்தே தண்ணீருக்குப் போயின. முயல் வானத்தைப் பார்த்துக் காவல் காத்தது. காடைக்குஞ்சுகள் மயிலின் தோகைக்கு அடியில் நடந்தன. அதன்பின் பருந்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போகிற வழியில் பேச்சும் வளர்ந்தது. சண்டையும் வந்தது. சமாதானமும் ஆயிற்று.

வைகாசிக் கூட்டத்துக்கு எல்லாரும் வரப்போவது நரிக்குத் தெரிந்துவிட்டது. "இந்த மாதம் கூட்டம் பாறை உச்சியில்! யாரிடமும் சொல்லாதீர்கள்!" என்று காக்கைகளிடம் கிசுகிசுத்தது. காக்கையிடம் ரகசியமா! சற்று நேரத்தில் காடு முழுக்கச் சேதி பரவியது.

அணில் முதுகில் ஏறிக் குதித்துக்கொண்டே வந்ததால் ஆமையால் தூங்க முடியவில்லை. மயில் தோகையெல்லாம் புழுதியோடு வந்து சேர்ந்தது. பாறை மேல் நாற்பது பேர் கூடியிருந்ததைப் பார்த்து நரி திடுக்கிட்டது. மெல்ல மயிலின் பக்கம் நகர்ந்தது.

"மயிலே, உனக்குக் கர்வம் அதிகம் என்று முயல் சொல்லித் திரிகிறதே!"

"திரியவில்லையே! என் முகத்துக்கு நேராகவே சொன்னது. உண்மையும் அதுதான்!" என்றது மயில்.

எல்லாரும் சிரித்தார்கள். காடை முன்னால் வந்தது.

"வடகரை எல்லாருக்கும் பொது. சம்மதமா?"

"சம்மதம்!" என்று பாறையே அதிரும்படி குரல் எழுந்தது. கூட்டம் பெரிதாக இருந்த பக்கமாகக் காக்கைகளும் "கா!" என்றன. நாற்பது பேரும் நேரே வடகரையில் போய் நின்றார்கள். பன்றிகள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டின.

இப்போது முயலுக்கு வீரம் வந்துவிட்டது. பின்னாலேயே வந்திருந்த நரியைப் பார்த்து, "திருட்டு நரியே! காட்டையே ஏமாற்றிவிட்டாயே!" என்று கத்தியது.

நரி ஏளனமாகச் சிரித்தது. "போன மாதம் வரை கூட்டம் நாவல் மரத்தடியில்தானே நடந்தது? வராதே என்று உன்னை நான் தடுத்தேனா? மூன்று காக்கைகளை வைத்துக்கொண்டு ஒரு காட்டையே ஆள முடிந்ததென்றால், வெட்கப்பட வேண்டியது நானா?"

முயலின் காதுகள் தொங்கிவிட்டன. நரியின் தலைவர் பதவியை அன்றே பறித்துவிட்டார்கள். ஆனால் அது சொன்ன சொல்லை யாராலும் பறிக்க முடியவில்லை.

வடகரைத் தண்ணீர் தெளியப் பத்து நாள் ஆயிற்று. பதினோராம் நாள் காடை தன் குஞ்சுகளை அங்கே அழைத்துப் போனது. மூன்று குஞ்சுகள் குனிந்து தண்ணீர் குடித்தன. மூன்றே மூன்று.

அக்கம்பக்கத்தாரோடு பேசாமலும் ஊர்க்கூட்டத்துக்குப் போகாமலும் வீட்டுக்குள் முணுமுணுப்பவர்கள், தங்களைக் கெடுப்பவனுக்குத் தாங்களே சம்மதம் சொல்கிறார்கள்.